ஐப்பசிக்கு முன்னே வீட்டை ஒருமுறை சுற்றி வருவோம்



புரட்டாசி பிறந்தாலே நம் குழுக் கூட்டங்களில் தீபாவளிப் பேச்சு ஆரம்பித்துவிடும். பிள்ளைகளுக்குத் துணி, மகளுக்குச் சீர், பலகாரச் சீட்டு என்று கணக்குப் போடுகிறோம். கடன் கேட்கிறோம். தீபாவளியை ஒட்டியே இன்னொன்றும் வருகிறது. அதற்கு யாரும் கணக்குப் போடுவதில்லை. அதுதான் அடைமழை.

வடகிழக்குப் பருவமழை சராசரியாக அக்டோபர் 20-ஆம் தேதியை ஒட்டித் தொடங்கும். நம் கணக்கில் அது ஐப்பசி 3. தமிழ்நாட்டுக்கு ஒரு வருஷத்தில் கிடைக்கும் மழையில் ஏறக்குறைய பாதி இந்த மூன்று மாதத்தில்தான் பெய்கிறது. பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஆவணி, புரட்டாசியிலும் சாயங்காலத்தில் இடிமழை பெய்யும். ஆனால் அது ஒரு மணி நேரம் கொட்டிவிட்டுப் போய்விடும். மறுநாள் வெயிலில் சுவரும் கூரையும் காய்ந்துவிடும். அடைமழை அப்படியில்லை. இரவு பகலாக மூணு நாள், நாலு நாள் பெய்யும். வெயில் முகமே தெரியாது. சுவர் குடித்த தண்ணீர் சுவரிலேயே நிற்கும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ஆண்டில் பல மாதம் மணலாகக் கிடக்கும் மருதையாறு என்ன செய்யும் என்று நம் பெரியவர்களுக்குத் தெரியும். 1956 நவம்பர் 23 அன்று, கார்த்திகை மழையில், அரியலூர் அருகே அந்த ஆற்று வெள்ளம் ரயில் பாலத்தைச் சாய்த்தது. தூத்துக்குடி விரைவு ரயில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அப்போது ரயில்வே மந்திரியாக இருந்த லால்பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். பாலத்தையே சாய்க்கிற தண்ணீருக்கு நம் வீட்டு மண்சுவர் எம்மாத்திரம்?

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. மழை வேண்டும். மழை இல்லாவிட்டால் மக்காச்சோளம் ஏது, பருத்தி ஏது? மழையை வரவேற்கிற மாதிரி வீட்டைத் தயார் செய்வோம் என்கிறோம். அதற்குரிய காலம் ஆவணியும் புரட்டாசியும்தான்.

முதலில் சுவரைப் பாருங்கள்

வீடு ஒழுகினால் பாத்திரத்தை வைத்துச் சமாளிக்கலாம். சுவர் விழுந்தால் சமாளிக்க முடியாது. 2019 டிசம்பர் 2 விடியற்காலையில் மேட்டுப்பாளையம் அருகே நடூரில், மழையில் ஊறிய ஒரு உயரமான சுற்றுச்சுவர் பக்கத்து வீடுகளின் மேல் விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள். 2021 நவம்பர் 19-இல் வேலூர் மாவட்டம் பேரணாம்பட்டில் மழையால் வீடு இடிந்து 9 பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். நடூரில் விழுந்தது அவர்கள் வீட்டுச் சுவர் அல்ல, பக்கத்துச் சுவர் என்பதை மறக்க வேண்டாம். நம் சுவரைப் பார்க்கும்போது நம் வீட்டை ஒட்டி நிற்கிற அடுத்தவர் சுவரையும் பார்க்க வேண்டும்.

குன்னம், ஆலத்தூர், வேப்பூர், அரியலூர் பக்கம் நிறைய இடங்களில் கரிசல் மண். இந்த மண் தண்ணீர் பட்டால் உப்பும், வெயில் பட்டால் சுருங்கி வெடிக்கும். கோடையில் வயலில் கை நுழைகிற அளவு வெடிப்பைப் பார்க்கிறோமே, அதே வேலைதான் நம் வீட்டு அஸ்திவாரத்தின் அடியிலும் நடக்கிறது. ஒரு பக்கம் உப்பி மறு பக்கம் உப்பாமல் இருந்தால் சுவர் பிளக்கும். கல் வீடானாலும் செங்கல் வீடானாலும் இதே கதைதான். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் செம்மண். அங்கே வெடிப்பு குறைவு. ஆனால் ஓடுகிற மழைத்தண்ணீர் சுவர் அடியை அரித்துக்கொண்டு போகும்.

வீட்டை ஒருமுறை வெளியே சுற்றி வாருங்கள். கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

சுவர் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா? ஒரு நூலில் கல்லைக் கட்டிச் சுவர் உச்சியில் இருந்து தொங்கவிட்டால் சாய்வு தெரிந்துவிடும்.

சுவர் வயிறு தள்ளியிருக்கிறதா? நடுவில் உப்பிய சுவர் மழையில் நிற்காது.

மூலையில் இரண்டு சுவர் சேருமிடம் பிரிந்திருக்கிறதா?

வெடிப்பு இருந்தால் அது பழைய வெடிப்பா, வளர்கிற வெடிப்பா? வெடிப்பின் மேல் ஒரு காகிதத் துண்டைப் பசை தடவி ஒட்டுங்கள். அதில் தேதி எழுதுங்கள். வெடிப்பு முடிகிற இடத்திலும் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். இரண்டு வாரத்தில் காகிதம் கிழிந்தாலோ, கோட்டைத் தாண்டி வெடிப்பு போயிருந்தாலோ சுவர் அசைகிறது என்று அர்த்தம். மேலே பூசி மறைப்பதில் பிரயோஜனம் இல்லை. கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்.

மண்சுவரில் எலி வளை, பொந்து இருந்தால் அடையுங்கள். அடைக்கவும் பூசவும் வெறும் கரிசல் மண்ணை எடுக்காதீர்கள். காய்ந்ததும் வெடித்து உதிர்ந்துவிடும். செம்மண்ணோடு மணலும் நறுக்கிய வைக்கோலும் சேர்த்து, முதல் நாளே ஊறவைத்து, மிதித்துப் பூசுங்கள். பூச்சு காயப் பல நாள் வெயில் வேண்டும். ஐப்பசியில் அந்த வெயிலுக்கு எங்கே போவது? அதனால்தான் புரட்டாசிக்குள் முடிக்கச் சொல்கிறோம்.

இன்னொன்று. சுவர் மழை கொட்டும்போது மட்டும் விழுவதில்லை. ஊறி ஊறி, மழை விட்ட பிறகும் விழும். வெயில் வந்துவிட்டது, இனி பயமில்லை என்று உடனே அந்த அறையில் படுக்காதீர்கள். சந்தேகமான சுவருக்கு அருகில் கட்டிலையோ தொட்டிலையோ போடாதீர்கள். ஆட்டையும் அங்கே கட்டாதீர்கள்.

கூரையும் எறவாணமும்

கீற்றுக் கூரை ஓரிரு வருஷம்தான் உழைக்கும். பனையோலை இன்னும் கொஞ்ச நாள் கூட நிற்கும். உள்ளே நின்று பகலில் அண்ணாந்து பாருங்கள். வெளிச்சம் தெரிகிற இடமெல்லாம் ஒழுகப் போகிற இடம். முழுக்க வேயக் கையில் பணம் இல்லையென்றால் முகட்டை மட்டுமாவது புதுசாக்குங்கள். முகடு போனால் அடியில் இருக்கிற ஓலை, கழி எல்லாம் மக்கிவிடும். கூரையின் வாட்டம் குறைந்திருந்தால் தண்ணீர் வழியாமல் நிற்கும். தார்ப்பாய் போடுகிறவர்கள் அதன் மேல் வெறும் கல்லை வைப்பதோடு விட்டுவிடாதீர்கள். காற்றில் கல் உருண்டு கீழே படுத்திருப்பவர் தலையில் விழும். கயிறு போட்டுக் கழியில் கட்டுங்கள்.

ஓட்டு வீட்டில் உடைந்த ஓட்டை மாற்றுங்கள். ஓட்டுக்கு அடியில் இருக்கிற சட்டம், ரீப்பர் கரையான் அரித்திருக்கிறதா என்று ஒரு ஆணியால் குத்திப் பாருங்கள். சிமெண்ட் ஷீட் போட்டவர்கள் கொக்கி போல்ட்டும் அதன் வாஷரும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஷீட் மேல் நேராகக் காலை வைத்து ஏறக்கூடாது. பலகை போட்டுத்தான் ஏற வேண்டும். தகரக் கூரை காற்றில் பறந்தால் அது கத்திக்குச் சமம். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியபோது கூரைகள் என்ன பாடுபட்டன என்று டெல்டாவில் இருக்கிற நம் சொந்தங்களைக் கேட்டாலே தெரியும்.

கான்கிரீட் வீடென்றால் கவலை இல்லை என்று நினைக்க வேண்டாம். மாடியில் வேப்பிலையும் குப்பையும் சேர்ந்து தண்ணீர் வெளியேறும் குழாயை அடைத்திருக்கும். முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள். பழைய தொகுப்பு வீடுகளில் மேல்தளக் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறதே, அது அழகுக் குறைவு மட்டுமல்ல. கம்பி துருப்பிடித்து உப்புவதால்தான் காரை விழுகிறது. தளர்ந்து நிற்கும் காரையை விவரம் தெரிந்தவரைக் கொண்டு தட்டி எடுத்துவிட வேண்டும். அது வரை அதன் அடியில் பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள்.

எந்த வீடானாலும் எறவாணத் தண்ணீர் சுவர் ஓரத்தில் விழக்கூடாது. ஒன்றரை அடியாவது தள்ளி விழ வேண்டும். விழுகிற இடத்தில் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டித் தெருப் பக்கமோ தோட்டத்துப் பக்கமோ தண்ணீரை ஓட்டிவிடுங்கள். சுவரைச் சுற்றி மண் அணைத்து, வெளிப்பக்கம் வாட்டம் கொடுத்துக் கெட்டியாக்குங்கள். நம் பாட்டிமார் வீட்டைச் சுற்றித் திண்ணை வைத்தது உட்கார்ந்து பேசுவதற்கு மட்டுமில்லை. அது சுவரின் காலைக் காப்பாற்றியது. குளிக்கிற தண்ணீரும் பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் சுவர் ஓரத்தில் தேங்கினால் அதையும் மாற்றுங்கள். கரிசல் மண்ணில் இது மிக முக்கியம்.

கரண்ட், பாம்பு, இடி

ஈரச் சுவரில் கரண்ட் பாயும். இற்றுப்போன வயர், டேப் சுற்றிய ஒட்டு, உடைந்த சுவிட்ச் ஆகியவற்றை மழைக்கு முன்பே மாற்றுங்கள். துணி காயப்போடும் கம்பியை மின்கம்பத்திலோ, கம்பத்தைத் தாங்கும் இழுவைக் கம்பியிலோ கட்டாதீர்கள். கொடிக்கு நைலான் கயிறு போதும். மெயின் பெட்டி பக்கத்தில் ஆர்.சி.சி.பி. என்ற சிறு கருவியைப் பொருத்தலாம். 30 மில்லி ஆம்பியர் கருவி என்று கேட்டு வாங்குங்கள். கசிவு ஏற்பட்ட கணத்திலேயே கரண்டை நிறுத்திவிடும். அதற்கு ஆகும் செலவு உயிருக்கு முன் பெரிசில்லை. வயர் அறுந்து கிடந்தால் கிட்டே போகாமல் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

மழையில் வளை நிறைந்தால் பாம்பு மேட்டைத் தேடி வரும். மேடு என்பது நம் வீடுதான். விறகும் செங்கலும் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். தானியம் சிந்தினால் எலி வரும், எலி வந்தால் பாம்பு வரும். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். வலியோ, கடித்த அடையாளமோ தெரியாமல்கூட இருக்கும். விடியற்காலையில் வயிற்று வலி, கண் இமை சொருகுதல் என்று தொடங்கினால் பாம்புக்கடியாக இருக்கலாம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கட்டிலில் படுப்பதும், கொசுவலையைப் பாய்க்கு அடியில் சொருகி விடுவதும் நல்ல காப்பு. கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மந்திரித்துக் காலத்தைப் போக்கவும் வேண்டாம். வளையல், மோதிரம், மெட்டியைக் கழற்றுங்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இடி இடித்தால் வயலில் நிற்காதீர்கள், மரத்தடிக்கும் ஓடாதீர்கள். களை எடுக்கப் போன இடத்தில் மானம் கறுத்தால் முதலில் கரையேறி ஒரு கட்டிடத்துக்குள் போய்விடுங்கள். மீதிக் களையை நாளைக்கு எடுக்கலாம்.

அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளங்களிலும், கிராமத்துத் தரைக் கிணறுகளிலும் மழைக்குப் பிறகு தண்ணீர் நிறைந்து நிற்கும். ஆழம் தெரியாது. பள்ளிக்கூடம் விடுமுறை விட்ட நாளில் பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள் என்று கண் வையுங்கள்.

அடுப்பு, தீவனம், வெங்காயம்

ஐப்பசியில் ஈர விறகோடு போராடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்வது நம் வழக்கமாகிவிட்டது. பருத்திமார், கருவேல விறகு, மக்காச்சோளச் சக்கை, வறட்டி ஆகியவற்றை ஆவணி வெயிலில் காயவைத்து, கல் போட்டுத் தரையில் இருந்து ஒரு அடி உயர்த்தி அடுக்கி, மேலே மூடி வையுங்கள். பத்து நாளைக்கு ஆகும் விறகை வீட்டுக்குள்ளேயே வையுங்கள். கேஸ் உள்ளவர்கள் சிலிண்டரை முன்கூட்டியே பதிந்துகொள்ளலாம். அரிசி, பருப்பு, உப்பு, தீப்பெட்டி, மெழுகுவர்த்தி, டார்ச் லைட் பேட்டரி ஒரு வாரத்துக்கு இருக்கட்டும். கூலி வேலை நின்றுபோகிற நாட்களில் கடைக்கடன் ஏறாமல் இருக்க இதுவே வழி.

வைக்கோல், சோளத்தட்டை போரை மேட்டில் போடுங்கள். உச்சியைக் கூம்பாக்கி, சுற்றிலும் வாய்க்கால் வெட்டுங்கள். பூசணம் பிடித்த தீவனத்தையும் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தையும் மாட்டுக்கும் கோழிக்கும் போடாதீர்கள். அதில் நஞ்சு இருக்கிறது. பாலும் குறையும், ஈரலும் கெடும்.

ஆடு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். மழைக்குப் பின் முளைக்கும் இளம்புல்லை ஆசையாக மேய்ந்த ஆடு துள்ளுமாரி நோயில் திடீரென்று விழும். மழைக்கு முன்பே தடுப்பூசி போட வேண்டும். குடற்புழு நீக்க மருந்தும் கொடுக்க வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய், மாட்டுக்குக் கோமாரி, கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி எப்போது போடுகிறார்கள் என்று கால்நடை மருந்தகத்தில் கேட்டுக் குழுக் கூட்டத்தில் சொல்லுங்கள். கொட்டில் தரை ஈரமாக இருந்தால் குளம்பு அழுகும். தரையை மேடாக்கி, வாட்டம் கொடுங்கள்.

செட்டிகுளம், நாட்டார்மங்கலம், பாடாலூர் பக்கத்துத் தோழிகளுக்கு வெங்காயப் பட்டறை கட்டும் விஷயத்தில் நாம் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறோம். பட்டறைக்கு அடியில் காற்று புகுந்து வெளியேற வேண்டும், மேலே சாரல் படக்கூடாது. மழை வருகிறதென்று நாலு பக்கமும் பிளாஸ்டிக் தாளால் மூடினால் உள்ளே வேர்த்து அழுகிவிடும். அழுகிய காயை வாரம் ஒருமுறை பொறுக்கி எடுத்தால் விதைவெங்காயம் மிஞ்சும்.

தண்ணீர், கொசு, பனி

மழையில் கிணற்றுத் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் கலங்கும். குடிக்கும் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து ஆற வைத்தே குடியுங்கள். மேல்நிலைத் தொட்டியைக் கழுவிக் குளோரின் போடச் சொல்லி ஊராட்சியில் கேளுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கொடுங்கள். அது கையில் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டி அளந்த 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுங்கள். உப்பு கூடிவிடக் கூடாது.

டெங்குக் கொசு சாக்கடையில் வளர்வதில்லை. நம் வீட்டு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒருநாள் தொட்டி, குடம், டிரம் எல்லாவற்றையும் காலி செய்து உள்பக்கம் தேய்த்துக் கழுவுங்கள். தேய்க்காவிட்டால் ஒட்டியிருக்கிற முட்டை காய்ந்தும் சாகாது, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆட்டுரல், தேங்காய்த் தொட்டி, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு எதையும் விடாதீர்கள்.

மார்கழி வந்தால் மழை குறைந்து பனி இறங்கும். கம்பளி, போர்வையைப் புரட்டாசி வெயிலிலேயே காயவைத்து எடுத்து வையுங்கள். வயதானவர்களும் பிறந்த குழந்தையும் விடியற்காலைப் பனியில் இருக்க வேண்டாம். குழந்தையைத் தாயின் நெஞ்சோடு அணைத்து, தலையை மூடி வைத்தாலே நல்ல சூடு. குளிருக்காக மூடிய அறைக்குள் கரியோ விறகோ மூட்டக்கூடாது. அந்தப் புகை தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

கொள்ளிடக்கரைத் தோழிகளுக்கு

திருமானூர், தா.பழூர் பக்கம் வெள்ளம் நம் ஊர் மழையால் மட்டும் வருவதில்லை. கர்நாடகத்தில் பெய்து மேட்டூர் நிரம்பினால், இங்கே வெயில் அடிக்கும்போதே கொள்ளிடத்தில் தண்ணீர் வரும். 2018 ஆகஸ்டில் அப்படி வந்த வெள்ளத்தில்தான் திருச்சியில் பழைய கொள்ளிடம் இரும்புப் பாலம் இடிந்தது. ஆகவே உங்களுக்கு ஆடியிலேயே தயாரிப்பு தொடங்க வேண்டும். பள்ளிக்கூடமா, சமுதாயக் கூடமா, எங்கே போய்த் தங்குவது, ஆடு மாட்டை எங்கே கட்டுவது, நடக்க முடியாதவர்களை யார் தூக்குவது என்று முன்பே பேசி வையுங்கள்.

காகிதங்கள் பத்திரம்

ஆதார், குடும்ப அட்டை, பட்டா, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாவற்றையும் கெட்டியான பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரத்தில் வையுங்கள். குழுவின் தீர்மான நோட்டும் வரவு செலவுப் பதிவேடும் ஊக்குநர் வீட்டில் இருக்கும். அவர் வீடும் ஒழுகுகிற வீடாக இருந்தால்? நம் பல வருஷச் சேமிப்புக்கு அதுதான் சாட்சி. மழைக்காலத்தில் எந்த வீட்டில் வைப்பது என்று குழுவே முடிவு செய்யட்டும்.

பணத்துக்கு என்ன செய்வது?

இத்தனையும் படித்துவிட்டு, "சொல்றது சுலபம், காசுக்கு எங்க போறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கணக்கைப் பார்ப்போம்.

கூரை முகட்டுக்கும் சுவர் பூச்சுக்கும் 5,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். புரட்டாசியில் குழுவில் உள்கடனாக நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டிக்கு வாங்கி, மாதம் 500 ரூபாய் அசல் கட்டினால், பத்து மாதத்தில் மொத்த வட்டி 275 ரூபாய். அந்த வட்டியும் நம் குழுவுக்கே வருகிறது. இதே 5,000-ஐக் கார்த்திகையில், வீடு ஒழுகி நடுங்கி நிற்கும்போது, வெளியில் அஞ்சு வட்டிக்கு வாங்கினால் அதே பத்து மாதத்தில் வட்டி 1,375 ரூபாய். பத்து வட்டியானால் 2,750 ரூபாய். சுவர் விழுந்த பிறகு 5,000-த்தோடு முடியவும் முடியாது.

அரசு நிவாரணம் வருமே என்கிறோம். வரும், கேட்டு வாங்கவும் வேண்டும். 2022-இல் மத்திய அரசு வகுத்த பேரிடர் நிவாரண விதியில் குடிசை முழுதும் சேதமானால் 8,000 ரூபாய், பால் மாடு இறந்தால் 37,500 ரூபாய், ஆடு இறந்தால் 4,000 ரூபாய், உயிர் போனால் 4 லட்சம் ரூபாய் என்று இருந்தது. சில பேரிடர்களில் மாநில அரசு கூட்டியும் கொடுக்கிறது. எட்டாயிரத்தில் ஒரு வீடு எழும்புமா? போன உயிருக்கு நாலு லட்சம் ஈடாகுமா? நிவாரணம் கண்ணீரைத் துடைக்கும், வீட்டைக் கட்டித் தராது. பாதிப்பு ஏற்பட்டால் உடனே கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். படம் எடுத்து வையுங்கள். ஆடு மாடு இறந்தால் கால்நடை மருத்துவர் பார்ப்பதற்கு முன் புதைத்துவிடாதீர்கள்.

நிரந்தர வழி நல்ல வீடுதான். குடிசைகளை மாற்ற 2024-இல் மாநில அரசு கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தைத் தொடங்கியது. வீடு ஒன்றுக்கு 3.5 லட்சம் ரூபாய் என்று அறிவித்தது. மத்திய அரசின் பிரதமர் வீட்டு வசதித் திட்டமும் உண்டு. இப்போது எந்தத் திட்டத்தில் பெயர் சேர்க்கிறார்கள் என்று ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேளுங்கள். கிராம சபையில் எழுந்து கேளுங்கள். அக்டோபர் 2 காந்தி ஜெயந்தி கிராம சபை சரியாகப் புரட்டாசியில்தான் வருகிறது. அடைபட்ட வாய்க்கால், சாய்ந்த மின்கம்பம், விழப்போகும் பொதுக் கட்டிடம் எல்லாவற்றையும் அன்றைக்கே மனுவாகக் கொடுத்துத் தீர்மானத்தில் ஏற்றலாம்.

இந்த மாதக் கூட்டத்தில் இதைச் செய்வோம்

தோழிகளே, தனியாகச் சுற்றிப் பார்த்தால் நம் வீட்டு வெடிப்பு நமக்கே தெரியாது. தினமும் பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிடும். ஆகவே குழுவாகப் போவோம். அடுத்த கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகக் கூடி, இருவர் இருவராகப் பிரிந்து எல்லா உறுப்பினர் வீட்டையும் சுற்றி வருவோம். குழுவில் இல்லாத, தனியாக வாழ்கிற பாட்டி வீட்டுக்கும் கட்டாயம் போவோம். அவருக்கு ஏணி பிடிக்க ஆளில்லை, கடன் கேட்கவும் வாயில்லை.

பார்த்ததை மூன்றாகப் பிரித்து நோட்டில் எழுதுவோம். உடனே ஆபத்து, மழைக்கு முன் சரிசெய்ய வேண்டியது, பரவாயில்லை. முதல் வகையில் உள்ளவருக்கு இந்த மாத உள்கடனில் முதலிடம் என்று தீர்மானம் போடுவோம். தீபாவளித் துணிக்குக் கடன் கேட்டிருக்கிற தோழி ஒரு மாதம் பொறுக்கலாம். சுவர் பொறுக்காது. கடன் வாங்கவே வசதியில்லாதவருக்கு ஆளுக்கு ஒருநாள் உழைப்பைக் கொடுப்போம். மண் மிதிக்கவும் வாய்க்கால் வெட்டவும் நமக்குத் தெரியாதா என்ன? கூட்டமைப்பில் நலிந்தோருக்கான நிதி இருந்தால் அதையும் கேட்டு வாங்குவோம். உடனே சரிசெய்ய முடியாத வீட்டில் இருப்பவர்கள் அடைமழை இரவுகளில் யார் வீட்டில் படுப்பது என்றும் பெயரோடு எழுதி வைப்போம். மழை வந்த பிறகு கேட்கக் கூச்சமாக இருக்கும். முன்பே எழுதிவிட்டால் கூச்சம் இல்லை.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் இந்த எண்களை எழுதிக்கொள்ளுங்கள். மாவட்டப் பேரிடர் உதவிக்கு 1077. ஆம்புலன்ஸ் 108. மின்சாரப் புகாருக்கு 94987 94987. கால்நடை ஆம்புலன்ஸ் 1962. மருத்துவ ஆலோசனைக்கு 104.

எந்தக் குழு எத்தனை வீடு பார்த்தது, எத்தனை சுவர் சரிசெய்தது என்று கூட்டமைப்புக் கூட்டத்தில் சொல்லுங்கள். மழை பெய்யட்டும், ஏரி குளம் நிறையட்டும். நம் தோழிகளின் வீட்டில் ஒரு சுவரும் விழாமல் தை பிறக்கட்டும்.